அருவங்காட்டில் பிறந்தவர் அளந்த சித்திரை

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் முதலில் கேட்பது பேர். அடுத்தது நட்சத்திரம். பேரைக் கூடச் சிலர் யோசித்துத்தான் சொல்வார்கள், வீட்டில் கூப்பிடும் பேரா, சர்டிபிகேட்டில் இருக்கும் பேரா என்று. நட்சத்திரம் மட்டும் டக்கென்று வந்துவிடும். மகம். திருவோணம். சித்திரை.

சித்திரை என்று சொன்னவரைப் பிராகாரத்தில் தனியாக மடக்கி, "சார், உங்க நட்சத்திரம் எவ்வளவு பெரிசு? எத்தனை டிகிரி சூடு?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நகர்ந்துவிடுவார்.

கேள்வி ஒன்றும் பைத்தியக்காரத்தனமானது இல்லை. பதில் இருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு மனுஷர் உலகத்தின் பெரிய பெரிய இயற்பியல் தலைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "இது நடக்கவே நடக்காது" என்று சொன்னவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய், ஒரு பொட்டல்வெளியில் தண்டவாளம் போட்டு, சித்திரையை அளந்து காட்டினார் அவர்.

ஊட்டி ரயிலில் போயிருக்கிறீர்கள் அல்லவா? குன்னூர் தாண்டினால் வெலிங்டன், அதற்கடுத்து அருவங்காடு. வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறதே, அந்த ஊர். அவர் பிறந்தது அங்கேதான்.

முதலில் நட்சத்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஏப்ரல், மே மாதங்களில் இருட்டிய பிறகு மொட்டை மாடிக்குப் போங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். ஏழு நட்சத்திரம், கரண்டி மாதிரி. அந்தக் கரண்டியின் வளைந்த காம்பை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பளிச்சென்று நிற்கும். அது சுவாதி. அதே வளைவில் இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கினால், வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கலந்த மாதிரி ஒன்று தனியாக மின்னும். அதுதான் சித்திரை. மேல்நாட்டுக்காரர்கள் வைத்த பேர் ஸ்பைகா. டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். வானத்தில் அதிகம் பிரகாசிக்கும் முதல் இருபது நட்சத்திரங்களில் ஒன்று என்பதால் சென்னையின் சோடியம் விளக்கையும் புகையையும் மீறித் தெரியும்.

பௌர்ணமி நிலவு இந்த நட்சத்திரத்தை ஒட்டி வரும் மாதம் என்பதால்தான் சித்திரை மாதத்துக்கே அந்தப் பேர்.

சரித்திரத்திலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்ட்ரியாவில் டிமோகாரிஸ் என்ற கிரேக்கர் இதன் இடத்தைக் குறித்து வைத்தார். சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஹிப்பார்கஸ் என்பவர் அந்தப் பழைய குறிப்பை எடுத்துத் தன் கணக்கோடு ஒப்பிட்டார். இரண்டு டிகிரி உதைத்தது. வேறு ஆளாக இருந்தால் 'பழைய ஆள் தப்பாக எழுதிவிட்டார்' என்று மூடி வைத்திருப்பார். ஹிப்பார்கஸ் மூடவில்லை. இரண்டு கணக்கும் சரியென்றால், சம இரவுப் புள்ளியே நகர்கிறது என்று அர்த்தம் என்றார். பூமியின் அச்சு, ஓய்ந்து விழப்போகும் பம்பரம் போல மெல்லத் தலையைச் சுற்றுகிறது என்ற உண்மை அப்படித்தான் பிடிபட்டது. 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி.

நம் பஞ்சாங்கத்தில் 'அயனாம்சம்' என்று ஒன்று வருகிறதே, இந்த நகர்வின் கணக்குதான் அது. மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-ல் அறிக்கை கொடுத்தபோது, ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை ஏறத்தாழ சித்திரைக்கு நேர் எதிரே, 180 டிகிரியில் வைத்தது. ஆக, சித்திரையில் பிறக்காதவர்களின் ஜாதகத்துக்கும் முளைக்குச்சி இந்த நட்சத்திரம்தான்.

1890-ல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் இன்னொரு ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சித்திரையின் ஒளியைப் பட்டையாகப் பிரித்துப் பார்த்தால், அதில் இருக்கும் கோடுகள் நாலு நாளைக்கு ஒரு முறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊசலாடின. அப்படியென்றால் அது ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை. ஒன்றையொன்று நாலு நாளில் சுற்றி வருகின்றன. நம் கண்ணுக்கு மட்டும் ஒரே புள்ளி.

இடம் தெரிந்தாயிற்று. ஒன்றல்ல, இரண்டு என்றும் தெரிந்தாயிற்று. எவ்வளவு பெரிசு? அதுதான் தெரியவில்லை.

* * *

அதென்ன அவ்வளவு பெரிய கஷ்டம் என்கிறீர்களா? நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஒரு நட்சத்திரம் மொத்தம் எவ்வளவு ஒளி தருகிறது என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, அது எவ்வளவு சூடு. இன்னொன்று, அது எவ்வளவு பெரிசு. கடையின் மொத்த வியாபாரம் தெரியும், ஆனால் விலையும் தெரியாது, விற்ற எண்ணிக்கையும் தெரியாது என்றால் என்ன செய்வீர்கள்? இரண்டில் ஒன்றையாவது தனியாக எண்ணியாக வேண்டும். நட்சத்திரத்தின் அளவை நேரடியாக அளந்துவிட்டால் வெப்பநிலையைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அளக்காதவரை எல்லாமே கோட்பாட்டை நம்பிச் சொல்லும் உத்தேசம்தான். நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று எழுதிய அத்தனை புத்தகங்களும் அந்த உத்தேசத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுன்ட் வில்சனில் மைக்கல்சனும் பீஸும் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தை அளந்தார்கள். அது நம் திருவாதிரை. நூறு அங்குல டெலஸ்கோப்பின் தலையில் இருபது அடி உத்தரம் ஒன்றைக் கட்டி, இரண்டு கோடியிலும் கண்ணாடி வைத்து, அவற்றில் விழும் ஒளியை ஒன்றாகக் கலந்து பார்த்தார்கள். அந்த வித்தைக்குப் பேர் இன்டர்ஃபெரோமீட்டர். கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம் அதிகமாக அதிகமாக, இன்னும் நுணுக்கமான அளவு கிடைக்கும்.

திருவாதிரை சிவப்பு நட்சத்திரம். சிவப்பு என்றால் சூடு குறைச்சல், ஆனால் உடம்பு பூதாகாரம். அதனால்தான் இருபது அடியில் அடங்கியது. நீல நட்சத்திரங்கள் நேர் எதிர். கொல்லன் பட்டறையில் பார்த்திருப்பீர்கள்: இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அதற்கும் மேலே ஏற்ற முடிந்தால் நீலம் தட்டும். நீல நட்சத்திரத்தின் ஒவ்வொரு சதுர அடியும் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிவதால், வானத்தில் ஒரு துளியூண்டு வட்டமாக இருந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அளக்கப் போனால் அந்தத் துளியூண்டு வட்டம்தான் எமன்.

எவ்வளவு துளியூண்டு? தெற்கு வானத்தில் ஸீட்டா பப்பிஸ் என்று ஒரு நீல நட்சத்திரம். வெறும் கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பின் சூடு ஏறத்தாழ 40,000 டிகிரி. வானத்தில் அதன் அகலம், நியூயார்க்கில் ஒருவர் பத்து ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, அதைச் சென்னையிலிருந்து நீங்கள் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான்!

இதை அளக்க இரண்டு கண்ணாடிகளையும் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் இரண்டு ஒளிக்கற்றைகளை, ஒளி அலையின் நீளத்தில் ஒரு பின்னம்கூடப் பிசகாமல் சேர்க்க வேண்டும். நடுவில் காற்று வேறு அலைபாய்ந்துகொண்டிருக்கும். மவுன்ட் வில்சனில் அடுத்து ஐம்பது அடியில் ஒன்று கட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

* * *

அருவங்காட்டுக்கு வருவோம்.

1916 ஆகஸ்ட் 31. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் வீட்டில் ஆண் குழந்தை. பேர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். படித்தது வானியல் அல்ல, எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங். 19 வயதில் பட்டம். அடுத்த வருஷமே, 1936-ல், ரகசியமான ஒரு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் ரேடார். எதிரி விமானம் எங்கே வருகிறது என்பதை ரேடியோ அலையை வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை. அதை விமானத்துக்குள்ளேயே பொருத்தும் அளவுக்குச் சுருக்குகிற வேலை இவருடைய குழுவுக்கு. இரண்டாம் உலகப் போர் முழுக்க அதிலேயே கழிந்தது.

போர் முடிந்தது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடி மாணவராக மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். வானத்திலிருந்து ரேடியோ இரைச்சல் வருகிறது என்பது அப்போது புதுசாகத் தெரிந்திருந்த சமாசாரம். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, வரும் இடம் எவ்வளவு பெரிசு என்று யாருக்கும் தெரியாது. நட்சத்திரம் அளவுக்குச் சின்னதாக இருந்தால், இரண்டு ஆன்டெனாக்களையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அத்தனை தூரத்துக்கு யார் கேபிள் போடுவது?

1949-ல் ஒரு நாள் ராத்திரி ஹான்பரி பிரவுனுக்கு ஒரு யோசனை வந்தது. அலைகளையே கொண்டுவந்து கலக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இரண்டு இடங்களில் இரண்டு பேர் உட்கார்ந்து, வரும் இரைச்சல் எப்படி ஏறி இறங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டால்? பிற்பாடு இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால்?

ஒரே தெருவில் இரண்டு கடை. இரண்டு முதலாளிகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு பேருடைய கல்லாக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால், ஒரு கடையில் கூட்டம் ஏறும்போது இன்னொன்றிலும் ஏறுகிறது, இறங்கும்போது சேர்ந்தே இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே கூட்டம்தான் வருகிறது என்று ஆடிட்டர் சொல்லிவிட மாட்டாரா? கடைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் இந்த ஒற்றுமை குறையும். நட்சத்திரம் பெரிசாக இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே ஒற்றுமை போய்விடும். சின்னதாக இருந்தால் ரொம்ப தூரம் தள்ளிப் போன பிறகுதான் போகும். எந்த தூரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் நட்சத்திரத்தின் அகலம் கையில்!

கணக்கு பலமாக வேண்டும் என்று ரிச்சர்ட் ட்விஸ் என்ற கணித மேதையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஜோடியின் பேர் இயற்பியல் புத்தகங்களில் ஒட்டிக்கொண்டது. ரேடியோவில் முதலில் செய்து பார்த்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கி அளந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர் ரோஜர் ஜென்னிசன். இன்னொருவர் நம் வங்காளத்து மிருணாள் தாஸ்குப்தா. 1952-ல் முடிவு வந்தது. அளந்த இரண்டு ரேடியோ மூலங்களும் பயந்ததைவிட ரொம்பப் பெரிசு. சில கிலோமீட்டர் தூரமே போதுமாக இருந்தது. எலியைப் பிடிக்க யானைக் குழி வெட்டிய கதை.

ஆனால் வெட்டிய குழி வீண் போகவில்லை. மேலே வாயுமண்டலம் அலைபாய்ந்து சிக்னல் துடித்தபோதும், இந்தக் கருவியின் கணக்கு மட்டும் அசையவில்லை. அங்கேதான் பொறி தட்டியது. இதையே நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்குச் செய்தால் என்ன?

* * *

செய்யலாம் என்று சொன்னதும் சண்டை ஆரம்பித்தது.

ரேடியோவை அலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒளியோ ஃபோட்டான் என்கிற துகள் துகளாக வந்து விழுகிறது. ஒரு நட்சத்திரத்தின் ஏதோ ஒரு மூலையில் கிளம்பிய ஒரு ஃபோட்டானுக்கும், வேறு மூலையில் கிளம்பிய இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் சொல்லி வைத்த மாதிரி சேர்ந்து வருமா என்ன? குவாண்டம் இயற்பியலே தெரியாத ரேடியோ இன்ஜினீயர் என்று பலர் தலையாட்டினார்கள்.

ஹான்பரி பிரவுனும் ட்விஸும் வாக்குவாதத்தில் நேரம் போக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மெர்க்குரி விளக்கை வைத்து, அதன் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கருவிகளில் விழவிட்டுப் பார்த்தார்கள். ஏற்ற இறக்கம் ஒத்துப்போனது. 1956 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

ஹங்கேரியில் ஒரு குழு ஏற்கெனவே சோதித்து, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தது. இப்போது கனடாவில் ஒரு குழுவும் செய்து பார்த்து, இல்லவே இல்லை என்றது. இவர்கள் சொல்வது நிஜமென்றால் குவாண்டம் இயற்பியலின் அடிப்படைகளையே திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்றும் கனடாக்காரர்கள் எழுதினார்கள். பொறுப்பான விஞ்ஞானிகள், பொறுப்பாகச் செய்த பரிசோதனை. பணம் கொடுக்கிறவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?

நம் ஆள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். அவர்கள் இரண்டு தரப்பும் வைத்திருந்த கருவியின் நுண்மை எவ்வளவு, அந்தக் கருவியில் இந்த ஒற்றுமை தெரிய எத்தனை காலம் பிடிக்கும்? கனடாக் கருவிக்கு ஆயிரம் வருஷம். ஹங்கேரிக் கருவிக்குப் பத்தாயிரம் கோடி வருஷம். பிரபஞ்சத்தின் வயசே 1,380 கோடிதான்!

அதே ஆண்டு கடைசியில், நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் இவர்கள் பக்கம் வந்து நின்றார். ஃபோட்டான்கள் கூட்டுச் சேர்ந்து வருவதுதான் இயல்பு, குவாண்டம் இயற்பியல் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று விளக்கினார். நம் சத்யேந்திரநாத் போஸ் 1924-ல் எழுதிக் காட்டிய கணக்கின் விளைவு இது. டவுன் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அரை மணி நேரம் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். இந்த வாக்குவாதத்தில் பிறந்த கேள்விகளை 1963-ல் ராய் கிளாபர் முறையான கோட்பாடாக எழுதினார். 2005-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நட்சத்திரம்? ராணுவத்திடமிருந்து இரண்டு பழைய சர்ச் லைட்டுகளை வாங்கினார்கள். போர்க்காலத்தில் விமானத்தைத் தேட வெளிச்சம் பீய்ச்சிய கண்ணாடிகள், இப்போது வெளிச்சம் வாங்கும் கண்ணாடிகள் ஆயின. இங்கிலாந்தின் குளிர்காலம், பாதி நாள் மேகம். கிடைத்த கொஞ்ச நேரத்தில் வானத்தின் மகா பிரகாசமான சிரியஸைக் குறி வைத்தார்கள். 1956-ல் விடை வந்தது. கோணத்தின் ஒரு விநாடியை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஏழு கூறு. அதுதான் சிரியஸின் அகலம். சூரியனைத் தவிர்த்துப் பார்த்தால், சிவப்பு பூதமாக இல்லாத ஒரு நட்சத்திரத்தை மனுஷன் அளந்தது அதுதான் முதல் தடவை.

* * *

அடுத்தது பெரிய கருவி. இங்கிலாந்து மேகத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பளிச்சென்ற நீல நட்சத்திரங்கள் பலவும் தெற்கு வானத்தில் வேறு இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நராப்ரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். மான்செஸ்டர், சிட்னி பல்கலைக்கழகங்கள் கூட்டு. 1962-ல் ஹான்பரி பிரவுன் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

பொட்டல்வெளியில் 188 மீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டமான தண்டவாளம். அதன் மேல் ரயில் வண்டி மாதிரி ஓடும் இரண்டு மேடைகள். ஒவ்வொன்றிலும் ஆறரை மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதக் கிண்ணம். கிண்ணத்துக்குள் அறுகோண வடிவில் 252 சின்னக் கண்ணாடிகள். நட்சத்திரம் நகர நகர இரண்டும் தண்டவாளத்தில் உருண்டுகொண்டே அதைப் பார்த்தபடி இருக்கும். நடுவில் ஒரு அறை. இரண்டு கிண்ணத்திலிருந்தும் கேபிள் அங்கே போகும். கல்லாக் கணக்கு ஒத்துப் பார்க்கும் வேலை அந்த அறைக்குள்.

சாதாரண டெலஸ்கோப்பின் கண்ணாடியை ஒளி அலையின் நீளத்தைவிட நுணுக்கமாக இழைக்க வேண்டும். இங்கே அதெல்லாம் வேண்டாம். மழைத்தண்ணி பிடிக்க அண்டா வைத்த மாதிரி, வெளிச்சத்தைப் பிடித்துப் போட்டால் போதும். இன்ஜினீயர் மூளை என்பது இதுதான்.

1963-ல் வேலை தொடங்கியது. சித்திரையும் வரிசையில் இருந்தது. சித்திரையில்தான் இரட்டை விசேஷம். ஊசலாடும் கோடுகளை வைத்து, அந்த இரண்டு நட்சத்திரங்களும் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்று தெரியும். வேகம் தெரிந்தால், சுற்றுப்பாதை எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். நராப்ரி கருவியோ அதே பாதை வானத்தில் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டது. நிஜ அளவும் தெரியும், கண்ணுக்குத் தெரிகிற அளவும் தெரியும் என்றால் தூரம் தானாக வந்து விழாதா?

1971-ல் முடிவை வெளியிட்டார்கள். சித்திரை இருக்கும் தூரம் சுமார் 274 ஒளி ஆண்டு. பெரியவனின் குறுக்களவு சூரியனைப் போல எட்டு மடங்கு. எடை ஏறத்தாழ 11 மடங்கு. சூடு 22,400 டிகிரி, ஆயிரம் கூடலாம் குறையலாம்.

பிற்பாடு 1989-ல் ஐரோப்பா ஹிப்பார்கோஸ் என்று, அந்தப் பழைய கிரேக்கரின் பேரை ஒட்டியே ஒரு செயற்கைக்கோளை ஏவியது. வேறு முறையில் அளந்து, மறுகணக்கும் போட்ட பிறகு அது சொன்ன தூரம் 250 ஒளி ஆண்டு. புதிய ஆய்வுகளில் பெரியவனின் குறுக்களவு ஏழரை மடங்கு, எடை 11.4 மடங்கு, சூடு 25,000 டிகிரி. தரையில் இரண்டு கிண்ணத்தை உருட்டி எடுத்த கணக்கு எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது பாருங்கள்!

இப்போது ஐந்தொகை போட்டுவிடலாம். சூடு சூரியனைப் போல் நாலரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வெளிவரும் சக்தி சூட்டின் நாலாம் மடியில் ஏறும். ஆகவே ஒரு சதுர அடிக்குச் சூரியனைவிட 370 மடங்கு. பரப்பளவு சுமார் 56 மடங்கு. பெருக்கினால்? இருபதாயிரம் சூரியன்! அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அது பூமியின் காற்றைத் தாண்டி வராது. அதனால் 1968-ல் அமெரிக்கா ஏவிய வானியல் செயற்கைக்கோளின் கணக்கையும் நராப்ரி கணக்கையும் சேர்த்து வைத்து, 1976-ல் நீல நட்சத்திரங்களுக்கு முதன்முதலாக அளந்து எடுத்த வெப்பநிலைப் பட்டியலை வெளியிட்டார்கள். உத்தேசக் கணக்கு, தணிக்கை செய்த கணக்கு ஆயிற்று.

பெரியவனுக்குப் பக்கத்தில் சின்னவன். சூரியனைப் போல் ஏழு மடங்கு எடை. இரண்டுக்கும் இடையே சுமார் 2 கோடி கிலோமீட்டர்தான். சூரியனுக்கும் புதனுக்கும் இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுத்து, இரண்டும் உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவத்தில் நீண்டு கிடக்கின்றன. 1960-களின் கடைசியில் இன்னொன்றும் தெரிந்தது. பெரியவன் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் நாடி துடிப்பது மாதிரி துடித்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்த சில வருஷங்களிலேயே அந்தத் துடிப்பு மங்கிவிட்டது. சரியான நேரத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கிறார்கள்!

இத்தனை தாராளமாகச் செலவு செய்தால் சொத்து எத்தனை நாளைக்கு? எரிபொருள் சூரியனைப் போல் 11 மடங்கு, செலவு இருபதாயிரம் மடங்கு. சூரியனின் வயது 460 கோடி ஆண்டு. சித்திரைக்கு ஒன்றேகால் கோடிதான் ஆகிறது, அதற்குள் நடுவயது தாண்டிவிட்டது. அந்த எடையுள்ள நட்சத்திரத்தின் முடிவு பொதுவாக ஒரு பெரிய வெடிப்பு. சித்திரை நட்சத்திரக்காரர்கள் கலங்க வேண்டாம். 250 ஒளி ஆண்டுகள் தள்ளி இருக்கிறது. நமக்கு அது வாணவேடிக்கையோடு போய்விடும்.

* * *

நராப்ரி கருவி மொத்தம் 32 நட்சத்திரங்களை அளந்தது. நம் மகம், சித்திரை, திருவோணம், அகத்தியர் நட்சத்திரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நியூயார்க் நாணயம் ஸீட்டா பப்பிஸும் உண்டு. அந்தக் கருவியால் எட்டக்கூடிய நட்சத்திரங்கள் தீர்ந்துபோயின. 1974-ல் பட்டியலை வெளியிட்டுவிட்டுக் கடையைக் கட்டினார்கள். நஷ்டத்தில் மூடவில்லை. சரக்கு முழுக்க விற்றுத் தீர்ந்ததால் மூடினார்கள்.

இதைவிடப் பெரிசாக ஒன்று கட்டலாம் என்று ஹான்பரி பிரவுன் திட்டம் போட்டார். அப்புறம் அவரே யோசித்தார். லேசரும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு, மைக்கல்சனின் பழைய முறையே இன்னும் மங்கலான நட்சத்திரங்களை எட்டும் என்று தோன்றியது. வாழ்நாள் முழுக்க யாருடைய எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் வளர்த்த தன் சொந்த முறையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். எதிரிகளோடு மோதுவதைவிட இதற்கு அதிக தைரியம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவருடைய சகா ஜான் டேவிஸ் தலைமையில் அந்தப் புதிய கருவி 1991-ல் திறக்கப்பட்டது.

இதற்கு நடுவில் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1985 நவம்பரில் அந்தச் சங்கத்தின் மாநாடு நடந்தது புதுடில்லியில். நீலகிரியில் பிறந்த குழந்தை, உலக வானியலாளர்களின் தலைவராக இந்தியாவுக்கு வந்தது. அந்த நீலகிரியும் சும்மா இருக்கவில்லை. அருவங்காட்டுக்கு மேலே, ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் கட்டிய பெரிய ரேடியோ டெலஸ்கோப் 1970-லிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. அது என்ன செய்தது தெரியுமா? நிலா குறுக்கே வந்து மறைக்கும் நேரத்தை வைத்து, ரேடியோ மூலங்கள் எவ்வளவு பெரிசு என்று அளந்தது. அதே கேள்வி, அதே மலை!

2002 ஜனவரி 16-ல் இங்கிலாந்தில் ஹான்பரி பிரவுன் காலமானார். அவர் கைவிட்ட முறையும் அவரோடு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2019-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் வெரிடாஸ் என்ற நாலு பெரிய கிண்ணங்களை வைத்து அதே பழைய வித்தையை மறுபடி செய்தார்கள். அவை காமா கதிர்களைத் தேடுவதற்காகக் கட்டியவை. பௌர்ணமியை ஒட்டிய ராத்திரிகளில் நிலா வெளிச்சத்தில் அந்த வேலை ஓடாது, சும்மாத்தான் கிடக்கும். அந்தச் சும்மா நேரத்தில் இரண்டு நீல நட்சத்திரங்களை அளந்து, 2020-ல் வெளியிட்டார்கள். இரண்டுமே நராப்ரி பட்டியலில் இருந்தவை. கணக்கு ஒத்துப்போனது.

'நடக்காது' என்று படித்தவர்கள் சொன்னதை நடத்திக் காட்டினார். 'போதும்' என்று அவரே வைத்ததை, அடுத்த தலைமுறை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டது. விஞ்ஞானத்தில் எந்தக் கணக்கையும் நிரந்தரமாக மூட முடியாது போலிருக்கிறது.

அடுத்த முறை குருக்கள் நட்சத்திரம் கேட்டு, பக்கத்தில் யாராவது "சித்திரை" என்று சொன்னால், வெளியே வந்து ஒரு தடவை வானத்தைப் பாருங்கள். இருபதாயிரம் சூரியன், ஒரு சொட்டு நீலமாக நின்றுகொண்டிருக்கும்.